கொலம்பியா ஆற்றில் பறவை தின்ற சால்மன் குஞ்சை எப்படி எண்ணுகிறார்கள்?

கரையோரன் (இழையைத் தொடங்கியவர்)

நாலு மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இதுதான் முதல் இழை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவைத் தி டேல்ஸ் அணைக்குக் கூட்டிப்போனேன். ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களுக்கு நடுவே கொலம்பியா ஆற்றில் 1957-ல் கட்டி முடித்த அணை. அணைக்குக் கீழே தண்ணீர் நுரைத்து வெளியேறும் இடத்துக்கு மேலே வரிசை வரிசையாகக் கம்பி கட்டியிருந்தார்கள். அப்பா நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு உசரத்துல யாருடா துணி காயப் போடுறது?" என்றார்.

விசாரித்தால் அது பறவைகளுக்காகவாம். வசந்தத்தில் மேலேயுள்ள கிளையாறுகளிலிருந்து சால்மன், ஸ்டீல்ஹெட் குஞ்சுகள் கடலுக்கு இறங்குகின்றன. டர்பைன் வழியாகவோ கலிங்கு வழியாகவோ உருண்டு வந்து விழும் குஞ்சுக்குக் கொஞ்ச நேரம் மேல் கீழ் தெரியாது. அந்த நேரம் பார்த்துக் கடற்காகம் (gull) கொத்திக்கொண்டு போகிறது. குறுக்கே கம்பி இருந்தால் தாழப் பாய முடியாது. "கல்லணையில ஷட்டரத் தூக்குனா கீழ கொக்கு வரிசையா வந்து நிக்குமே, அதுதான்" என்று அப்பா அதோடு விஷயத்தை முடித்துவிட்டார்.

எனக்கு முடியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினால், ஆற்றின் முகத்துவாரத்தில் ஆயிரக்கணக்கான நீர்க்காகங்களை (cormorant, இது வேறு பறவை) அரசே ஆள் வைத்துச் சுட்டிருக்கிறது. "வருஷத்துக்கு இத்தனை லட்சம் குஞ்சு தின்றன" என்று ஒரு கணக்கு வேறு. தண்ணீருக்குள் நடந்தது, பறவை விழுங்கியது, அதை யார் போய் எண்ணினார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பாம்பன்காரன்

எண்ணவே வேணாம் தம்பி. பறவைன்னா மீனத் தின்னத்தான் செய்யும், பின்ன இட்லியா திங்கும்? எங்க பக்கம் கரைவலை இழுக்கயில மடி கரைய நெருங்க நெருங்க மேல ஒரு கூட்டம் சுத்தும். நாலு சூடையத் தூக்கிட்டுப் போகும். அதுக்காக எவனும் துப்பாக்கி எடுக்கல.

அணையக் கட்டுனவன விட்டுட்டுக் காக்கா மேல கேஸ் போட்ட கதையால்ல இருக்கு.

---

சல்லடை

கரையோரன், உங்க கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியும். ரெண்டு சீசன் ஒரு ஆய்வுக் குழுவில் அந்த வேலையைத்தான் பார்த்தேன். கொஞ்சம் நீளமா வரும், பரவாயில்லையா?

கொலம்பியா படுகையில் வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் மீன்களுக்குப் "பிட் டேக்" போடுறாங்க. 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். நெல்மணியைவிடச் சற்று நீளமான ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு சில்லு, ஒரு கம்பிச்சுருள், அவ்வளவுதான். பேட்டரி கிடையாது. கருவியை அருகில் கொண்டுபோனால் அதிலிருந்து வரும் அலையிலேயே உயிர் பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் தனி எண். ஊசி மாதிரி ஒன்றால் குஞ்சின் வயிற்றுக்குள் செலுத்திவிடுவாங்க. எந்த ஆறு, எந்தப் பொரிப்பகம், எந்த நாள், நீளம் எவ்வளவு, எல்லாம் அந்த எண்ணோடு தரவுத்தளத்தில் ஏறிடும்.

அணைகளில் குஞ்சுகள் வரும் குழாய்களைச் சுற்றி ஆன்டெனா வளையம் இருக்கு. மீன் நுழைந்து போனால் எண் பதிவாகும். ஆக, இந்தக் குஞ்சு இந்தத் தேதியில் பானவில் அணையை உயிரோடு கடந்ததுன்னு நமக்குத் தெரியும். பானவில்தான் கடலுக்கு முந்தின கடைசி அணை.

அந்தக் குஞ்சை ஒரு ஆலா (tern, மீன் தின்னும் நீர்ப்பறவை) பிடிச்சுத் தின்னுதுன்னு வைங்க. மீன் செரிச்சுடும், கண்ணாடி செரிக்காது. ஆலா கூடு இருக்கிற தீவுக்கு வந்து கக்கும், இல்லைன்னா எச்சத்தோடு போடும். பறவைகள் குஞ்சு பொரிச்சுக் கிளம்பின பிறகு நாங்க போவோம். கயிறு கட்டிப் பாத்தி பிரிச்சு, கம்பு முனையில் ஆன்டெனா வச்சுத் தரையைத் தடவிக்கிட்டே நடப்போம். இடம் சமதளமா இருந்தால் வண்டிக்குப் பின்னால் பலகை மாதிரி ஆன்டெனாவைக் கட்டி இழுக்கலாம். எச்சம் காய்ஞ்சு அப்பளம் மாதிரி இருக்கும், மிதிச்சா நொறுங்கும். காத்தடிச்சா அந்தத் தூள் மூக்கு, வாய் எல்லாத்துலயும். முதல் வாரம் சாப்பாடே இறங்காது. கருவி "பீப்" என்று ஒரு எண் காட்டும். ஐடஹோ மலையில் ஏதோ ஓடையில் டேக் போட்ட குஞ்சு, எண்ணூறு, ஆயிரம் கிலோமீட்டர் வந்து இந்த மணலில் முடிஞ்சிருக்கு.

குஞ்சுகளை முதலில் கூட்டமாத் தின்ன தீவின் பேரே ரைஸ் ஐலண்ட். நெல்மணி பொறுக்குற வேலைன்னு நானும் இன்னொரு தமிழ்ப் பொண்ணும் சிரிச்சுக்குவோம்.

---

அவலாஞ்சி

ஸ்டீல்ஹெட் என்றதும் ஓடி வந்தேன். எங்கள் நீலகிரியில் அவலாஞ்சி பொரிப்பகத்தில் வளர்க்கிற ரெயின்போ ட்ரவுட் இருக்கிறதே, 1907-ல் வெள்ளைக்காரன் ஆரம்பித்தது, அதுவும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம்தான். ஆற்றிலேயே தங்கிவிட்டால் ரெயின்போ ட்ரவுட், கடலுக்குப் போய் வெள்ளி நிறத்தில் பெருத்துத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். எங்கள் ஆள் கடலையே பார்த்ததில்லை, பாவம்.

சரி, தொடருங்கள். குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும்.

---

எண்கணியன்

சல்லடை சொன்னதை எண்ணில் போட்டுப் பார்க்கலாம். பாடத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள், யாரும் மேற்கோள் காட்டிவிட வேண்டாம்.

டேக் போட்ட 1,000 குஞ்சுகள் பானவில்லை உயிரோடு கடந்தன. தீவில் 50 டேக் கிடைத்தது. 5% தின்றுவிட்டது. இவ்வளவுதானே? கடற்காகக் கூட்டத்தில் கிடைக்கிற டேக் ஆலாக் கூட்டத்தைவிடக் குறைவு என்று படித்தேன். அப்படியானால் அணைக்குக் கீழே கம்பி கட்டிக் கடற்காகத்தை விரட்டுவது வீண் செலவுதானே? உண்மையான பிரச்சினை ஆலாவும் நீர்க்காகமும்தான்.

---

சல்லடை

எண்கணியன் சார், பல வருஷம் எல்லாரும் வழுக்கி விழுந்த இடத்தில் நீங்களும் விழுந்துட்டீங்க. :)

தீவில் கிடக்கிற எல்லா டேக்கும் எங்க கண்ணில் படாது. மண்ணுக்குள் ஆழமாப் போயிருக்கும், அலை அடிச்சுட்டுப் போயிருக்கும். ரெண்டு டேக் ஒட்டிக் கிடந்தா ஒன்னோட சத்தத்தில் இன்னொன்னு கேக்காம ரெண்டுமே படிக்காது. அதனால் நாங்களே எண் தெரிஞ்ச டேக்குகளைக் கூடு கட்டுற இடத்தில் தூவி வைப்போம். இதுக்கு எங்க பேச்சில் "விதைக்கிறது" என்றே பேர். விதைச்ச 100-ல் 80 திரும்பக் கிடைச்சா, எங்க கண்டுபிடிப்புத் திறன் 80%.

ரெண்டாவது ஓட்டை இதைவிடப் பெரிசு. தின்ன டேக் எல்லாத்தையும் பறவை கூட்டுக்குக் கொண்டுவராது. பறக்கும்போது தண்ணியில் விழும், ஓய்வெடுக்கிற மணல்திட்டில் விழும், அரைபட்டு உடையும். அது எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க, டேக் வச்ச மீனைப் பறவைகளே தின்னும்படி செஞ்சு, அதில் எத்தனை கூட்டத்துக்கு வந்து சேருதுன்னு பார்த்தாங்க. 2015-ல் வெளியான முடிவு: காஸ்பியன் ஆலா தின்னதில் சுமார் 71% கூட்டத்தில் விழும். இரட்டைக்கொண்டை நீர்க்காகத்துக்குச் சுமார் 51%. கலிஃபோர்னியாக் கடற்காகத்துக்கு 15% தான்.

இப்போ உங்க 50-ஐ எடுங்க. 50-ஐ 0.80-ஆல் வகுத்தா 62.5. அதை ஆலாவுக்கு 0.71-ஆல் வகுத்தா 88. நீர்க்காகத்துக்கு 0.51, அப்போ 123. கடற்காகத்துக்கு 0.15, அப்போ 417! அதே 50 டேக். ஒரு பறவைக்கு 9%, இன்னொன்னுக்கு 42%.

கடற்காகம் அதிகம் தின்னலைன்னு நாம நினைச்சதுக்குக் காரணம், அது எச்சத்தைக் கண்ட இடத்தில் போட்டதுதான். இந்தத் திருத்தம் வந்த பிறகு கடற்காகக் கூட்டங்களோட கணக்கையே திரும்பப் போட வேண்டியதாச்சு.

---

எண்கணியன்

தோல்வியை ஒத்துக்கொள்கிறேன். 417-ஐப் பார்த்து இரண்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கம்பி வீண் செலவு என்றதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒன்று மட்டும்: 0.15 போன்ற சின்ன எண்ணால் வகுக்கும்போது, அந்த 0.15-லேயே சிறு பிழை இருந்தாலும் விடை எகிறும். 0.10 என்றால் 625, 0.20 என்றால் 313. எனவே கடற்காகக் கணக்கை எப்போதும் ஒரு வீச்சாகத்தான் சொல்ல வேண்டும், ஒற்றை எண்ணாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

---

சல்லடை

சரியாச் சொன்னீங்க. அறிக்கைகளிலும் வீச்சாகத்தான் போடுவாங்க. செய்தித்தாள்ல வரும்போதுதான் நடுவில் இருக்கிற ஒரு எண் மட்டும் தப்பிச்சு வெளியே வருது.

---

கோடியக்கரையான்

இந்த இழையில் எல்லாரும் எண்ணிலேயே மூழ்கிவிட்டீர்கள். அந்த எண்ணை வைத்து என்ன செய்தார்கள் என்று யாரும் பேசவில்லை.

காஸ்பியன் ஆலாவை நான் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கோடியக்கரையில் பார்க்கிறேன். உலகின் மிகப் பெரிய ஆலா அது. காரட் நிறத்தில் தடித்த அலகு, தலையில் கருந்தொப்பி, தொண்டை கட்டிய காக்கை மாதிரி ஒரு கரகரக் குரல். நம் கரைக்கு வருவது ஆசியப் பறவைகள், கொலம்பியாவுக்கும் இதற்கும் போக்குவரத்து இல்லை. ஆனால் இனம் ஒன்று.

ரைஸ் ஐலண்ட் இயற்கைத் தீவே அல்ல. கப்பல் போக ஆற்றைத் தூர்வாரி, அந்த மணலைக் குவித்து ராணுவப் பொறியாளர் படை உண்டாக்கிய திட்டு. புல் பூண்டு இல்லாத வெறும் மணலைத்தான் ஆலா தேடும். 1980-களில் வந்து குடியேறின. 1990-களின் கடைசியில் 8,000 ஜோடிக்கு மேல். மணலைக் கொட்டி அழைத்தது நீங்கள், அணையைக் கட்டி ஆற்றைக் குளமாக்கிக் குஞ்சைத் தளர்த்தியது நீங்கள், பொரிப்பகத்திலிருந்து ஒரே வாரத்தில் லட்சக்கணக்கில் திறந்துவிட்டுப் பந்தி வைத்தது நீங்கள். சாப்பிட உட்கார்ந்தவன் குற்றவாளி!

நீர்க்காகத்துக்கு நடந்தது இன்னும் மோசம். 2015-ல் தொடங்கி, முகத்துவாரத்திலுள்ள ஈஸ்ட் சாண்ட் ஐலண்ட் என்ற தீவில் சுட்டார்கள். சுமார் 11,000 பறவைகளைக் கொல்வது திட்டம். 5,000-க்கு மேல் கொன்றார்கள். 6,000-க்கு மேற்பட்ட கூடுகளில் முட்டை மேல் எண்ணெய் தடவினார்கள். முட்டை ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டால் உள்ளே கரு மூச்சுத் திணறிச் சாகும். முட்டையை உடைத்தால் தாய் மறுபடி இடும் என்பதால் இந்தத் தந்திரம். பொரிக்கவே போகாத முட்டை மேல் அது நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும். இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

---

மட்டுறுத்துநர்

கோடியக்கரையான், "நீங்கள், நீங்கள்" என்றால் இங்கே யாரும் அணை கட்டவில்லை. :) சூடு இருக்கலாம், ஆள் பார்த்து அடிக்க வேண்டாம். தொடருங்கள்.

---

கரையோரன்

கோடியக்கரையான் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மீன் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், நேற்று ராத்திரி முழுக்க அதைத்தான் படித்தேன்.

கொலம்பியா படுகையில் சால்மன், ஸ்டீல்ஹெட் இரண்டும் சேர்த்து 13 கூட்டங்கள் அமெரிக்காவின் அழியும் நிலை உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. கொலம்பியாவின் கிளையாறான ஸ்நேக் ஆற்றின் சாக்கை சால்மன் 1991-ல் முதலில் பட்டியலில் ஏறியது. அடுத்த வருஷம், 1992-ல், ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்குத் திரும்பி வந்தது ஒரே ஒரு மீன். ஒன்று! ஆண் மீன். "தனிமை லாரி" என்று பேர் வைத்தார்கள் (லாரி என்பது ஆள் பெயர்). கடலிலிருந்து எட்டு அணையின் மீன் ஏணிகளில் ஏறி, 1,400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி வீட்டுக்கு வந்தால் வீட்டில் யாரும் இல்லை.

அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒரு குஞ்சு ஆலா வாயில் போனாலும் கணக்குத்தான் இல்லையா?

---

பாம்பன்காரன்

லாரி கதை மனசப் பிசையுது தம்பி.

நான் ஒன்னு கேக்குறேன். அந்த ஆத்துல மீன் புடிச்சுப் பொழச்சவன் யாரு? பறவையாளு பேசுறீங்க, கணக்காளு பேசுறீங்க. வலைக்காரன் எங்க?

---

கரையோரன்

அண்ணே, நீங்க கேட்டது நான் நின்ற இடத்துக்கே வருது. தி டேல்ஸ் அணைக்குக் கொஞ்சம் மேலே செலிலோ அருவி இருந்தது. யகாமா, யூமட்டிலா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்கள் பல ஆயிரம் வருஷமாப் பாறை விளிம்பில் மரச்சாரம் கட்டி நின்று, நீளக் கம்பில் கோர்த்த வலையால் சால்மனை அள்ளிய இடம். 1855-ல் நிலத்தை அமெரிக்க அரசுக்கு எழுதிக்கொடுத்தபோதும், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கிற உரிமையை மட்டும் விடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

1957 மார்ச் 10-ம் தேதி அணையின் கதவை அடைத்தார்கள். சில மணி நேரத்தில் அருவி தண்ணீருக்குள் போய்விட்டது. கரையில் நின்று பார்த்த கிழவர்கள் அழுதார்களாம். சத்தம் நின்றதுதான் தாங்க முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது அந்த நான்கு இனத்தாருக்கும் சொந்த மீன் உயிரியலாளர்கள், பொரிப்பகங்கள் எல்லாம் இருக்கின்றன. பறவைகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அவர்களும் கேட்கிறார்கள். அணையைப் பற்றியும் கேட்கிறார்கள், அது அதிகம் செய்தியில் வருவதில்லை.

---

பாம்பன்காரன்

ம்.

சத்தம் நின்னது... புரியுது.

---

எண்கணியன்

கோடியக்கரையானுக்குச் சாதகமாக ஒரு வாதம் இருக்கிறது, அவர் அதைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

கடலுக்குப் போகிற 100 குஞ்சில் திரும்புவது எத்தனை? அந்தப் படுகையில் வைத்திருக்கும் இலக்கே 2 முதல் 6. மீதியைக் கடல் தின்றுவிடும். அப்படியானால் ஆற்றில் ஒரு ஆலா பிடித்த குஞ்சு, ஆலா பிடிக்காவிட்டாலும் எப்படியும் செத்திருக்குமா? நோய் பிடித்த, தோல் கிழிந்த, பூஞ்சை படர்ந்த குஞ்சுகள்தான் பறவையிடம் அதிகம் மாட்டுகின்றன என்று ஆய்வே இருக்கிறது. "ஈடாகும் சாவு" என்பார்கள். பறவையைக் கொன்றால் குஞ்சு பிழைக்கும், ஆனால் வேறு ஒன்று அதைத் தின்னும், திரும்பி வரும் பெரிய மீனின் எண்ணிக்கை கூடாது.

---

சல்லடை

சார், இந்தச் சண்டை அங்கேயும் தீரல. 2020-ல் ரெண்டு தரப்பு ஆய்வு வந்துச்சு. ஸ்டீல்ஹெட்டை வச்சுத்தான் ரெண்டும். ஒருத்தர் சொன்னாங்க, பறவை அதிகம் தின்ன வருஷத்துக்கும் குறைவாத் தின்ன வருஷத்துக்கும் திரும்பி வர்ற மீனில் வித்தியாசம் தெரியல, ஈடாகிடுதுன்னு. இன்னொரு குழு, ஆலா தின்னா அது மத்த சாவுகளுக்கு மேல் கூடுதல் சாவுதான், ஈடாகலன்னு காட்டுச்சு. எனக்கு ரெண்டாவது தரப்போடு வேலை பார்த்த பழக்கம், அதனால் என் சாய்வைக் கழிச்சுட்டுப் படிங்க.

ஆனா ஒன்னு. அடிபட்ட குஞ்சைப் பறவை அதிகம் பிடிக்குதுன்னா, அடி எங்கிருந்து வந்துச்சுன்னும் கேக்கணும். எட்டு அணை தாண்டி வர்ற குஞ்சு அது. தேங்கின தண்ணியில் நீந்தி, டர்பைனில் அழுத்தம் மாறி, சிலது குழாயில் உரசி... பாம்பன் அண்ணன் முதல் பதிவில் சொன்னதுக்கு இதுதான் கணக்கு வழியா வர்ற பதில்.

எல்லா மீனும் ஒரே மாதிரி மாட்டாது என்பதும் உண்மை. சினூக் என்கிற சால்மன் வகைக் குஞ்சைவிட ஸ்டீல்ஹெட் குஞ்சு பெரிசு, தண்ணியின் மேல்மட்டத்தில் நீந்தும். ஆலா ரொம்ப ஆழத்துக்கு மூழ்காது. அதனால் ஸ்டீல்ஹெட்தான் அதுக்குத் தட்டில் வச்ச மாதிரி. வாஷிங்டனில் பாட்ஹோல்ஸ் நீர்த்தேக்கத்துக்குள்ள கூஸ் ஐலண்ட்னு ஒரு சின்னத் திட்டு. சில நூறு ஜோடி ஆலாதான். ஆறு அங்கேயிருந்து பல பத்து கிலோமீட்டர். தினம் பறந்து போய்ப் பிடிச்சு வரும். அந்தச் சில நூறு ஜோடி, கொலம்பியாவின் மேல்பகுதி ஸ்டீல்ஹெட் குஞ்சுகளில் சில வருஷம் 15% அளவுக்குத் தின்னுச்சு. பெரிய கூட்டம் பெரிய சேதம், சின்னக் கூட்டம் சின்னச் சேதம்னு மட்டும் நினைக்காதீங்க. எங்க உட்கார்ந்திருக்குங்கிறதுதான் விஷயம்.

---

அவலாஞ்சி

"எங்கே உட்கார்ந்திருக்கு" என்பதைக் கொஞ்சம் விளக்குங்களேன் அக்கா. இடம் மாறினால் தீனி மாறுமா?

---

சல்லடை

மாறும். ரைஸ் ஐலண்ட் கடலிலிருந்து சுமார் 34 கிலோமீட்டர் உள்ளே இருக்கு. அங்கே நல்ல தண்ணி. வசந்தத்தில் அங்கே கிடைக்கிறது சால்மன் குஞ்சு, சால்மன் குஞ்சு, பிறகு சால்மன் குஞ்சு. ஆலாவோட சாப்பாட்டில் முக்கால் பங்கு அதுதான். ஆலா ஒரே ஒரு மீனை அலகில் குறுக்கா வச்சுத்தான் கூட்டுக்கு வரும். மறைவிடத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்தாலே என்ன மீன்னு தெரியும். அப்படி எண்ணி, ஒரு ஆலாவுக்கு நாளைக்கு எவ்வளவு ஆற்றல் வேணும்னு கணக்குப் போட்டுத்தான் 1998-ல் 1 கோடிக்கு மேல் குஞ்சு தின்னதுன்னு சொன்னாங்க. டேக் கணக்கு வேற, இது வேற.

ஈஸ்ட் சாண்ட் ஐலண்ட் கடல்வாயில், 8-வது கிலோமீட்டரில் இருக்கு. அங்கே நெத்திலி, ஹெர்ரிங் எல்லாம் உள்ளே வரும். அதனால் 1999-லிருந்து ஆலாக்களைக் கீழே நகர்த்தினாங்க. சுடல. ரைஸ் ஐலண்டில் கோதுமை விதைச்சு, கொடி கட்டி, வெறும் மணல் இல்லாமப் பண்ணினாங்க. ஈஸ்ட் சாண்டில் புல்லை எடுத்து மணல் பரப்பி, பொம்மை ஆலா செஞ்சு நட்டு, ஒலிபெருக்கியில் ஆலாச் சத்தம் போட்டாங்க. கூட்டம் இருக்கிற இடத்துக்குத்தானே கூட்டம் வரும்! ரெண்டே வருஷத்தில் முழுக்க இடம் மாறிடுச்சு. சாப்பாட்டில் சால்மன் பங்கு மூணில் ஒன்னா இறங்குச்சு. தின்ன குஞ்சும் வருஷத்துக்கு 50 லட்சம் அளவுக்குக் குறைஞ்சது. என்னைக் கேட்டா இந்தக் கதையிலேயே ஒழுங்கா நடந்த ஒரே காரியம் இதுதான்.

---

கோடியக்கரையான்

ஒத்துக்கொள்கிறேன், பொம்மை வைத்த யோசனை அழகு. ஆனால் அதே பாடம் நீர்க்காக விஷயத்தில் ஏன் மறந்துபோயிற்று?

---

சல்லடை

அதுதான் எனக்கும் ஆத்திரம்.

2013-ல் ஈஸ்ட் சாண்டில் கிட்டத்தட்ட 15,000 ஜோடி நீர்க்காகம். அதை 6,000 ஜோடிக்குள் கொண்டுவரணும்னு திட்டம். 2015-ல் சுட ஆரம்பிச்சாங்க. 2016 மே நடுவில் ஒரு நாள் பார்த்தா மொத்தக் கூட்டமும் முட்டையை விட்டுட்டுப் பறந்துடுச்சு. வெண்தலைக் கழுகுத் தொல்லையும் அங்கே இருந்துச்சு, சுட்டதும் இருந்துச்சு, எது எவ்வளவு காரணம்னு ரெண்டு பக்கமும் ஒரு கதை வச்சிருக்காங்க. அதே வருஷம் ஆகஸ்டில் நீதிமன்றம், மாற்று வழிகளைச் சரியா ஆராயலன்னு அரசைக் கண்டிச்சுது, ஆனா சுடுறதை நிறுத்தச் சொல்லல.

பறந்த நீர்க்காகம் எங்கே போச்சு? ஆத்துக்கு மேலே, பத்து கிலோமீட்டருக்கும் அப்பால, ஆஸ்டோரியா–மெக்லர் பாலத்துக்கு. 1966-ல் திறந்த பாலம், 6 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அடியில் இரும்புச் சட்டம். கூடு கட்ட அதைவிட வசதி வேணுமா? சில வருஷத்தில் ஆயிரக்கணக்கான ஜோடி. கடல்வாயில் இருந்தப்போ நெத்திலியும் சேர்த்துத் தின்னது, இப்போ மேலே வந்துட்டதால ஒரு பறவை தின்னுற சால்மன் குஞ்சு முன்னைவிட அதிகம். ரைஸ் ஐலண்டிலிருந்து ஆலாவைக் கீழே நகர்த்திக் கத்துக்கிட்டதை, நீர்க்காகத்தை மேலே விரட்டித் தலைகீழாப் பண்ணிட்டாங்க. எச்சம் பட்டுப் பாலத்தின் பெயின்ட் அரிக்குதுன்னு நெடுஞ்சாலைத் துறைக்குத் தனித் தலைவலி.

இதில் என்னை மாதிரி வேலைக்காரிக்கு இன்னொரு சங்கடம். பாலத்தில் உட்கார்ந்த நீர்க்காகம் போடுற எச்சம் எங்கே விழும்?

---

எண்கணியன்

ஐயோ. ஆற்றில்.

---

சல்லடை

ஆமா சார். டேக்கோட சேர்ந்து. தடவிப் பார்க்கத் தீவும் இல்ல, விதைக்க மண்ணும் இல்ல. ஈஸ்ட் சாண்டில் டேக் எண்ணிக்கை விழுந்ததைப் பார்த்துட்டு "திட்டம் வெற்றி"ன்னு ஒரு கூட்டத்தில் ஒருத்தர் சொன்னார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து தண்ணி குடிச்சுட்டு இருந்தேன், புரையேறிடுச்சு.

---

பாம்பன்காரன்

ஹாஹா. சந்தையில தராசத் தூக்கி எறிஞ்சிட்டு மீனு எடை கொறஞ்சிடுச்சுன்னானாம்.

---

கோடியக்கரையான்

சல்லடை அம்மா, கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன், மனதில் வைக்காதீர்கள். பாலத்து எச்சக் கதை எனக்குத் தெரியாது. அப்படியானால் இப்போது பாலத்துப் பறவைகள் தின்பதை எப்படித்தான் அறிகிறார்கள்?

---

சல்லடை

ஐயா, நீங்க கடுமையாப் பேசலைன்னா நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

சுத்திவளைச்சுத்தான். பாலத்தில் கூடுகளை எண்ணுறாங்க. முன்னாடி முகத்துவாரத்தின் மேல்பகுதியில் கூடு கட்டின கூட்டங்களில் ஒரு பறவைக்கு எவ்வளவு விழுந்துச்சுங்கிற பழைய விகிதத்தை அதோடு பெருக்கறாங்க. முகத்துவாரத்தில் படகுக்குப் பின்னால் ஆன்டெனா வலை இழுத்து, உயிரோடு போற குஞ்சுகளைப் பதிவு பண்றதும் உண்டு. தீவில் குனிஞ்சு "பீப்" கேட்டு எழுதின கணக்குக்கு முன்னால் இதெல்லாம் மதிப்பீடுதான்.

---

கரையோரன்

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை. அப்பாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். 417 வந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி ஒரு முறை கணக்கைப் போடச் சொன்னார். பொம்மை ஆலாவுக்கு ரொம்ப நேரம் சிரித்தார். வயலில் கொக்கை விரட்டப் பொம்மை வைத்தவர், கூப்பிடப் பொம்மை வைத்ததை இப்போதுதான் கேள்விப்படுகிறாராம்.

அடுத்த மாதம் அவர் கிளம்புவதற்குள் அந்தப் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். சல்லடை அக்கா, எங்கே நின்று பார்த்தால் நீர்க்காகம் தெரியும்?

---

சல்லடை

பாலத்து மேல வண்டியை நிறுத்த முடியாது, ஒரே ஓட்டமாப் போயிடணும். ஆஸ்டோரியாவில் ஆத்தோரமா நடைபாதை போகுது, பாலத்துக்கு அடியிலேயே வரும். அங்கே நின்னு அண்ணாந்தா இரும்புச் சட்டத்தில் கறுப்பா வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். காலை நேரம் நல்லது.

அப்பாவுக்குத் தொப்பி போட்டு விடுங்க. நேர் கீழே மட்டும் நிக்க விடாதீங்க.

---

கரையோரன்

விழுந்தால் டேக் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம் அக்கா.